எவர்சில்வரில் ஈயம் ஏன் ஒட்ட மறுக்கிறது?

போன கோடையில் குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி பை நிறையச் சாமானோடு என் பட்டறைக்கு வந்தான். ஒரு எவர்சில்வர் கேன், அரை அங்குலச் செம்புக் குழாயில் வளைத்த சுருள், கேன் மூடியில் பொருத்த ஒரு எவர்சில்வர் ஃபிட்டிங். வெட்டிவேர்த் தண்ணீரும் பன்னீரும் வீட்டிலேயே வடிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. மற்றதெல்லாம் செய்துவிட்டான். ஃபிட்டிங்கின் வாயில் செம்புக் குழாயை உட்கார வைத்துப் பற்றவைப்பது மட்டும் முடியவில்லை. "அண்ணா, ஈயம் முத்து முத்தா உருண்டு கீழ விழுதுண்ணா. ஒட்டவே மாட்டேங்குது" என்றான்.

அதற்குள் மூன்று பேரிடம் யோசனை கேட்டிருந்தான். "சூடு பத்தல, இன்னும் நல்லா காய்ச்சு" என்றார் ஒருவர். "எவர்சில்வரில் ஈயம் பிடிக்கவே பிடிக்காது" என்றார் இன்னொருவர். "ஏசி மெக்கானிக்கிட்ட குடு, காப்பர் ராடு வச்சு ஒரு நிமிஷத்துல முடிச்சிடுவார்" என்றார் மூன்றாமவர். மூன்றுமே தவறு. ஆனால் எல்லா ஊரிலும் இந்த மூன்றைத்தான் சொல்கிறார்கள். அதனால்தான் அடியிலிருந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இங்கே பேசுவது பன்னீர், வெட்டிவேர்த் தண்ணீர், எலுமிச்சைப்புல் எண்ணெய், இன்வெர்ட்டர் பேட்டரிக்கான காய்ச்சி வடித்த நீர் போன்றவற்றுக்கான கருவி. தமிழ்நாட்டில் வீட்டில் சாராயம் காய்ச்சுவது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மூன்று வேலைக்கு ஒரே பெயர்

'பத்த வைக்கிறது' என்று நாம் சொல்வதில் மூன்று வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. வெல்டிங் என்றால் இணைக்க வேண்டிய இரண்டு துண்டுகளின் விளிம்பும் உருகி ஒன்றாக வேண்டும். மற்ற இரண்டிலும் துண்டுகள் உருகுவதில்லை. நடுவில் ஊற்றும் இன்னொரு உலோகம் மட்டும் உருகி, இரண்டையும் பிடித்துக்கொண்டு உறைகிறது. அந்த நடு உலோகம் 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகினால் பிரேசிங், அதற்குக் கீழே உருகினால் சால்டரிங்.

செம்பு 1085 டிகிரியில் உருகும். வீட்டுப் பாத்திரமாகும் எவர்சில்வர் உருக 1400 டிகிரியாவது வேண்டும். செம்பு கூழாகி ஓடும் நேரத்தில் எவர்சில்வர் சும்மா சிவந்துகொண்டிருக்கும். ஆக, இவை இரண்டையும் கையால் வெல்டிங் செய்வது தேர்ந்தவர்களுக்கே கஷ்டமான வேலை. வடிக்கும் கருவியில் நீராவியின் சூடு 100 டிகிரிதான் என்பதால் சால்டரிங்கே தாராளமாகப் போதும்.

நடு உலோகத்தைச் செங்கல்லுக்கு நடுவே பூசும் சாந்து போல நினைத்துக்கொள்ளலாம். ஆனால் சாந்து கல்லின் சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஈயம் அப்படி நிற்பதில்லை. செம்பைத் தொட்ட இடத்தில் ஈயம் கொஞ்சம் செம்பைக் கரைத்துக்கொள்கிறது, இரண்டும் கலந்து மிக மெல்லிய ஒரு கலப்பு அடுக்கு பிறக்கிறது. எவர்சில்வரின் பக்கத்தில் அதே வேலை இரும்போடும் நிக்கலோடும் நடக்கிறது. அந்த அடுக்குதான் பிடிப்பு. அது பிறக்கவில்லை என்றால், எவ்வளவு ஈயம் ஊற்றினாலும் வெளியே கட்டிய மண் மாதிரி உதிர்ந்துவிடும்.

எந்த ஈயம்?

தமிழில் ஈயம் என்று இரண்டு வேறு உலோகங்களைச் சொல்கிறோம். ஒன்று வெள்ளீயம், ரசம் வைக்கும் ஈயச் சொம்பு அதில்தான் செய்யப்படுகிறது. இன்னொன்று காரீயம், விஷம். ரேடியோ, டிவி ரிப்பேர்க் கடைகளில் பல காலமாகப் புழங்கும் கம்பிச் சுருளில் இரண்டும் கலந்திருக்கும். பெரும்பாலும் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். அது 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிப்பதால் வேலை சுலபம். அந்தச் சுலபத்துக்கு ஆசைப்பட்டு அதை வடிக்கும் கருவியில் போடுகிறார்கள்.

போடவே கூடாது. வடிந்து வரும் நீரில் உப்புகள் ஏதும் இல்லை. செடியிலிருந்து வரும் லேசான அமிலங்கள் மட்டும் இருக்கும். இப்படிப்பட்ட நீர் காரீயத்தை மெல்ல மெல்லக் கரைத்துக்கொள்ளும். இது இன்று நேற்றுத் தெரிந்த சங்கதியும் அல்ல. ரம் வடிக்கும் கருவியில் காரீயப் பாகங்கள் கூடாது என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் 1723-லேயே சட்டம் போட்டது. குடிநீர்க் குழாய்களில் காரீயம் கலந்த சால்டரை அந்த நாடு 1986-ல் தடை செய்தது. பன்னீரை முகத்தில் தெளிக்கிறோம், பாயசத்தில் விடுகிறோம். அதில் காரீயம் சேர இடம் கொடுக்கக் கூடாது.

கடையில் காரீயம் இல்லாத சால்டர் என்று கேளுங்கள். வெள்ளீயத்தோடு சிறிது வெள்ளி கலந்தது எவர்சில்வருக்கு நல்லது. 96.5 பங்கு வெள்ளீயமும் 3.5 பங்கு வெள்ளியும் சேர்ந்தது 221 டிகிரியில் உருகும். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு மூட்டுக்கு ஒரு விரல் நீளக் கம்பிகூடத் தேவைப்படாது.

"221 டிகிரியில் உருகுவதை அடுப்புக்கு மேலே வைக்கலாமா?" என்று கேட்பார்கள். இதற்கு விடை நம் சமையலறையிலேயே இருக்கிறது. ஈயச் சொம்பு 232 டிகிரியில் உருகிவிடும். கேஸ் அடுப்பின் தீ அதைவிடப் பல மடங்கு சூடு. ஆனாலும் ரசம் கொதிக்கிறது, சொம்பு உருகுவதில்லை. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அது உலோகத்தை 100 டிகிரிக்கு அருகிலேயே இழுத்து வைத்துக்கொள்கிறது. ரசம் ஊற்றாமல் வெறும் சொம்பை வைத்தால் என்ன ஆகும் என்பது ஒரு முறை சொம்பை இழந்த வீட்டுக்குத் தெரியும். வடிக்கும் கருவிக்கும் அதே கணக்குதான். மூட்டு மூடிக்கு மேலே, ஆவி போகும் வழியில் இருக்க வேண்டும், தீ நேராகப் படக்கூடாது, கேன் வற்றவும் கூடாது.

இதுவரை பார்த்தது: துண்டுகள் உருக வேண்டாம், நடுவில் போகும் வெள்ளீயம் மட்டும் உருகினால் போதும். பிடிப்பு தருவது தொடும் இடத்தில் பிறக்கும் கலப்பு அடுக்கு. காரீயம் வேண்டவே வேண்டாம்.

நனைவு: எல்லாம் இங்கேதான்

தம்பியின் ஈயம் முத்து முத்தாக உருண்டதே, அதற்கு வருவோம். சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் தெளித்தால் உருண்டு ஓடும். அதே தண்ணீரைச் சிமெண்டுத் தரையில் விட்டால் படர்ந்து ஊறும். தண்ணீர் ஒன்றுதான், அது விழும் பரப்பு வேறு. உருகிய உலோகம் ஒரு பரப்பில் இப்படிப் படர்ந்து ஒட்டுவதை நனைவு என்கிறோம். ஈயம் முத்தாக உருண்டால் அது உருகிவிட்டது, ஆனால் நனையவில்லை. அப்போது சூட்டைக் கூட்டுவது, சேப்ப இலையில் வெந்நீர் ஊற்றுவது போலத்தான்.

ஏன் நனையவில்லை? உருகிய ஈயத்துக்கு வெறும் உலோகம் வேண்டும். நாம் பார்க்கும் உலோகம் எதுவும் வெறும் உலோகமாக இருப்பதில்லை. காற்றில் உள்ள ஆக்சிஜன் மேலே ஒரு தோலைப் போட்டுவிடுகிறது. அதற்கு ஆக்சைடு படலம் என்று பெயர். பழைய செம்புக் குடம் கறுத்துப் போவது அதுதான். அந்தத் தோலை ஈயம் நனைக்காது.

செம்பின் தோல் சாது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பிரியாணி வேகும் செம்புத் தேக்சாவுக்கு ஈயம் பூசுவதை, அவர்கள் பேச்சில் கலாய் பூசுவதை, பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பாத்திரத்தைச் சூடாக்கி, ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியைத் தூவுவார். குப்பென்று வெண்புகை கிளம்பும். உடனே ஈயத்தைத் தொட்டுப் பஞ்சால் ஒரு தேய்ப்பு. கறுத்திருந்த செம்பு ஒரே வீச்சில் வெள்ளி போல மாறும். அந்தப் பொடி நவச்சாரம். சூட்டில் அதிலிருந்து கிளம்பும் அமில ஆவி செம்பின் தோலைத் தின்றுவிடுகிறது, அந்த நொடியிலேயே ஈயம் நனைந்துவிடுகிறது. இப்படித் தோலை நீக்கி, ஈயம் வந்து சேரும்வரை மறுபடி வளராமல் காக்கும் பொருள்தான் ஃபிளக்ஸ்.

எவர்சில்வரின் தோல் அப்படிப்பட்டதல்ல. குரோமியம் என்ற பெயர் எங்கள் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதில்லை, தோல் பதனிடும் தொழிலும் ராணிப்பேட்டையில் கிடக்கும் கழிவும் அதைக் கசப்பான பெயராக்கிவிட்டன. எவர்சில்வரைத் துருப்பிடிக்காமல் காப்பதும் அதே குரோமியம்தான். எவர்சில்வரில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும், நல்ல பாத்திர வகையில் 18 சதவீதம் வரை. அது காற்றோடு சேர்ந்து மேலே கண்ணுக்கே தெரியாத ஒரு குரோமியம் ஆக்சைடு படலத்தைப் போடுகிறது. கனம் சில நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் சில கூறுகள். ஆனால் இறுக்கமானது, கெட்டியானது. உப்புத்தாளால் தேய்த்து எடுத்தாலும் கையை எடுப்பதற்குள் மறுபடி வளர்ந்துவிடும். பளபளவென்று இருப்பதால் சுத்தமாக இருக்கிறது என்று நாம் ஏமாந்துபோகிறோம். தம்பியும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

ரேடியோ ரிப்பேருக்கான பிசின் ஃபிளக்ஸ் இந்தத் தோலை அசைக்காது. அமில ஃபிளக்ஸ் வேண்டும். தகர வேலை செய்பவர்கள் உப்பு அமிலத்தில் துத்தநாகத் துண்டைக் கரைத்து வைத்திருப்பார்கள், அதன் சாரம் துத்தநாகக் குளோரைடு. அது எவர்சில்வரிலும் வேலை செய்யும். ஆனால் மிச்சம் தங்கினால் அதிலுள்ள குளோரைடு எவர்சில்வரில் ஊசி குத்தியது போலக் குழி விழ வைக்கும். பாஸ்பாரிக் அமிலத்தில் செய்த எவர்சில்வர் ஃபிளக்ஸ் கிடைத்தால் அதையே வாங்குங்கள், நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். எதுவானாலும் கண்ணாடி போட்டுக்கொண்டு, கையுறை மாட்டிக்கொண்டு, காற்று வரும் இடத்தில் செய்யுங்கள். அந்தப் புகை நெஞ்சுக்குக் கெடுதல்.

ஆக, எவர்சில்வரில் ஈயம் பிடிக்காது என்று சொன்னவர் பாதிதான் பார்த்திருக்கிறார். பிடிக்காதது அதன் தோலில். தோலை நீக்கிவிட்டால் எவர்சில்வர் நன்றாகவே நனையும்.

சூடு எங்கே நிற்கிறது?

எவர்சில்வர் கரண்டியைக் கொதிக்கும் சாம்பாரில் விட்டு வைத்தாலும் காம்பைப் பிடிக்க முடிகிறது. செம்புக் கரண்டியாக இருந்தால் விரல் வெந்துவிடும். செம்பு சூட்டைக் கடத்தும் வேகம் எவர்சில்வரைப் போல ஏறத்தாழ 25 மடங்கு. மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் கேசரி கிளறினால் தீ பட்ட வட்டத்தில் மட்டும் அடிப்பிடிப்பதும் இதனால்தான்.

மூட்டில் இதன் விளைவு: எவர்சில்வரின் ஒரே இடத்தில் தீயைக் காட்டினால் அந்த இடம் மட்டும் எரியும், அரை அங்குலம் தள்ளிக் குளிர்ந்திருக்கும். செம்பிலோ, கொடுத்த சூடெல்லாம் குழாய் வழியே ஓடிப்போகும். எவர்சில்வரில் இளமஞ்சள் நிறம் தட்டினாலே வெள்ளி ஈயத்துக்குத் தேவையான சூட்டைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். நீலம் தட்டினால் ஃபிளக்ஸ் கருகி, தோல் முன்னைவிடத் தடித்துவிட்டது. "இன்னும் நல்லா காய்ச்சு" என்ற யோசனை கெடுத்தது இங்கேதான். தம்பியின் ஃபிட்டிங் மயில் கழுத்து நிறத்தில் இருந்தது.

இன்னொரு பயமும் பலருக்கு உண்டு: இரண்டு உலோகமும் சூட்டில் வேறு வேறு அளவு விரிந்தால் மூட்டு விண்டுவிடாதா? செம்பும் இந்த வகை எவர்சில்வரும் விரிவது கிட்டத்தட்ட ஒரே அளவு. அந்தக் கவலை வேண்டாம்.

காகிதக் கனத்து இடைவெளி

அகல் விளக்கில் திரி எண்ணெயை மேலே இழுப்பதைப் பார்க்கிறோம். ஒடுக்கமான இடத்தில் திரவம் தானே ஏறி ஓடும் இந்தக் குணத்துக்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். குழாய்க்கும் ஃபிட்டிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி சரியாக இருந்தால், வாயோரம் தொட்ட ஈயம் சுற்றிலும் உள்ளே இழுத்துக்கொள்ளப்படும், மேல்நோக்கிக்கூட. அந்த அளவு சுமார் 0.1 மில்லிமீட்டர். ஜெராக்ஸ் காகிதம் ஒன்றின் கனம். ஒரு காகிதத் துண்டைச் சுற்றி நுழைத்தால் லேசாகப் பிடித்துப் போக வேண்டும். லொடலொடவென்று இருந்தால் ஈயம் நிற்காமல் உள்ளே ஒழுகும். அடித்து நுழைக்கும் அளவுக்கு இறுகினால் ஈயத்துக்கு இடமே இருக்காது. குழாய் அதன் விட்டம் அளவுக்காவது உள்ளே போகட்டும். ஈயம் மிருதுவான உலோகம், அதன் பலமெல்லாம் பிடித்திருக்கும் பரப்பில்தான்.

ஏசி மெக்கானிக்கின் ராடு

அவர்கள் கையிலுள்ளது செம்பில் பாஸ்பரஸ் கலந்த ராடு. செம்போடு செம்பைச் சேர்க்க அதைவிட நல்லது இல்லை. பாஸ்பரஸே செம்பின் ஆக்சைடைத் தின்றுவிடுவதால் ஃபிளக்ஸ்கூட வேண்டாம். ஆனால் அதே பாஸ்பரஸ் எவர்சில்வரிலுள்ள இரும்போடும் நிக்கலோடும் சேர்ந்தால், தொடும் இடத்தில் கண்ணாடி போல நொறுங்கும் ஓர் அடுக்கு உண்டாகிறது. பார்க்க அருமையாக இருக்கும், பிடித்தும் இருக்கும். பல வருஷத்துக்கு முன் நானே இப்படி ஒன்று செய்து வாங்கி வந்தேன். வண்டியில் கொண்டுவந்து இறக்கும்போது குழாய் படியில் லேசாக இடித்தது. 'டிக்' என்று ஒரு சத்தம், ஃபிட்டிங் தனியாக வந்துவிட்டது. ராடு முழுவதும் செம்பின் பக்கமே நின்றது. எவர்சில்வரின் பக்கம் சுத்தமாக, ஒன்றுமே ஒட்டாதது போல இருந்தது.

பிரேசிங்தான் வேண்டும் என்றால் வெள்ளி ராடும் அதற்கான ஃபிளக்ஸும் கேட்க வேண்டும். 56 சதவீத வெள்ளி ராடு 650 டிகிரிவாக்கில் ஓடும், மூட்டு மிகப் பலமாக இருக்கும். ராட்டில் காட்மியம் இல்லையா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அதன் புகை உயிருக்கே ஆபத்து. வீட்டுக் கருவிக்கு இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

சுருக்கமாக மறுபடி: முத்தாக உருண்டால் தோல் நீங்கவில்லை. நிறம் மாறினால் சூடு மிஞ்சிவிட்டது. செம்புக்கான ராடு எவர்சில்வருக்கு ஆகாது.

அன்று செய்தது

நீலம் தட்டிய இடத்தை 120 எண் உப்புத்தாளால் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்தோம். இரும்பு தேய்த்த கம்பி பிரஷ்ஷை எவர்சில்வரில் போடக்கூடாது, அந்த இரும்புத் துகள் பதிந்து பிறகு துருவாக வெளிப்படும். தேய்த்த கையோடு, விரல் படாமல், ஃபிளக்ஸைத் தடவினோம்.

இரண்டையும் நேராகச் சேர்க்கவில்லை. முதலில் ஃபிட்டிங்கின் வாயின் உட்புறத்துக்கு மட்டும், பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது போல, மெல்லிய பூச்சு கொடுத்தோம். சின்ன கேஸ் டார்ச்சை ஓர் இடத்தில் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றி ஆட்டிக்கொண்டே இருந்தேன். தம்பி ஈயக் கம்பியால் வாயோரத்தை அவ்வப்போது தொட்டுப் பார்த்தான். முதல் இரண்டு தடவை கம்பி வெறுமனே வழுக்கியது. மூன்றாவது தொடலில் நுனி கரைந்தது, ஒரு சின்ன முத்தாக நின்றது, அப்புறம் சட்டென்று படுத்து, கண்ணாடியில் மூச்சு விட்டால் படர்வது மாதிரி ஓடியது. "ஓடுதுண்ணா!" என்று கத்திவிட்டான். அந்த ஒரு நொடியைக் கண்ணால் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்தான். மிஞ்சிய ஈயத்தை ஈரத்துணியால் ஒரு துடைப்பு துடைத்து எடுத்தோம். அதையே செம்புக் குழாயின் நுனிக்கும் செய்தோம், அங்கே ஒரே தொடலில் முடிந்தது.

இப்போது இரண்டு பக்கமும் வெள்ளீயத் தோல். ஈயத்தோடு ஈயம் சேர்வதில் பிரச்சினையே கிடையாது. மறுபடி கொஞ்சம் ஃபிளக்ஸ் தடவி, குழாயை நுழைத்து, முதலில் செம்பின் பக்கம் தீ காட்டி, பிறகு ஃபிட்டிங்கைச் சுற்றி வந்தோம். ஈயக் கம்பியைத் தீ படும் பக்கம் வைக்காமல் எதிர்ப்பக்கம் வைத்தோம். அங்கே அது உருகினால்தான் மூட்டு முழுதும் சூடேறியிருக்கிறது என்று அர்த்தம். வாயைச் சுற்றி மெல்லிய வெள்ளி வளையம் தெரிந்ததும் தீயை எடுத்துவிட்டு, அது மங்கி உறையும்வரை ஒருவரும் தொடவில்லை. உறையும் நேரத்தில் அசைத்தால் உள்ளே விரிசல் விழும்.

அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டிய மூட்டைப் பற்றவைக்காதீர்கள். அங்கே கிளாம்ப்போ, மரை வைத்த யூனியனோ போடுங்கள். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் ஊரில் இன்றும் அத்தர் வடிக்கும் செம்புப் பாத்திரங்களின் மூடியைக் களிமண் பூசித்தான் அடைக்கிறார்கள், வேலை முடிந்ததும் உடைத்துத் திறந்துவிடுவார்கள். குக்கரின் விசில் இடத்தில் குழாயைப் பற்றவைக்கப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலான குக்கர் அலுமினியம், இந்த முறையே அதற்குப் பொருந்தாது. எந்தக் கருவியிலும் சுருளின் கடைசி முனை எப்போதும் திறந்தே இருக்க வேண்டும், அங்கே வால்வு வைக்காதீர்கள். ஆவிக்குப் போக வழியில்லை என்றால் அது குண்டுதான்.

கழுவுவதும் சோதிப்பதும்

ஃபிளக்ஸ் மிச்சம் இருந்தால் மூட்டு வெளியிலிருந்து அரிக்கப்படும், உள்ளே அமிலமும் வடிநீரில் கலக்கும். ஆறியதும் வெந்நீரில் கழுவி, ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரை உள்ளும் புறமும் ஊற்றினோம். அமிலம் மிச்சம் இருந்த இடத்தில் பொங்கியது. பொங்குவது நிற்கும்வரை ஊற்றி, மறுபடி நல்ல தண்ணீரில் அலசினோம்.

சோதனைக்குப் பஞ்சர் கடை முறையே போதும். ஒரு முனையைக் கட்டையால் அடைத்து, மூட்டை வாளித் தண்ணீரில் முக்கி, மறுமுனையில் சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று கொடுத்தோம். ஃபிட்டிங்கின் அடிப்பக்கத்தில் ஒரே ஒரு இடத்திலிருந்து கடுகு அளவு குமிழ்கள் வரிசையாகக் கிளம்பின. அந்த இடத்தில் தேய்ப்பு சரியாக விழவில்லை போலும். காயவைத்து, ஃபிளக்ஸ் தடவி, மறுபடி சூடேற்றி, ஒரு சொட்டு ஈயம் தொட்டோம். மறுபடி கழுவினோம். இரண்டாவது முறை வாளியில் குமிழ் இல்லை.

வீட்டுக்குப் போய் முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி ஒரு மணி நேரம் வடித்து, வந்ததை முழுவதும் கொட்டிவிடச் சொன்னேன். செடிக்குக்கூட ஊற்ற வேண்டாம் என்றேன். வெட்டிவேரை இரண்டாவது தடவைதான் போட்டானாம்.